அப்பாவின் வேண்டுதல், அம்மாவின் பட்டினி

என் தம்பிக்கு விஷக்காய்ச்சல் வந்து, வைத்தியர் கைவிரித்துவிட்டுப் போன அன்று, அப்பா சாமி விளக்கின் முன்னால் நின்று தெருவுக்கே கேட்கும்படி வேண்டிக்கொண்டார்.

"செந்தூர் முருகா, எம் மகன் பிழைச்சு எந்திரிச்சான்னா, இவனப் பெத்தவ சஷ்டி ஆறு நாளும் சோறு தொடாம, ஒருவேளைப் பாலோட, கால்நடையா ஒன் சந்நிதிக்கு வந்து ஈரச்சேலையோட அங்கப்பிரதட்சிணம் பண்ணுவா."

இவனைப் பெற்றவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பியின் தலை. மார்பில், பிறந்து இரண்டு மாதமான என் தங்கை. அப்பா அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோழியைக் கேட்டா மசாலா அரைப்பார்கள்?

அப்பாவை ஊரில் பக்திமான் என்பார்கள். வேண்டிக்கொண்டபோது அவர் கண்ணில் நீர் வழிந்ததும் உண்மைதான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவர்களுக்கும் பக்தி இருக்கும். நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்தத் தேங்காய் என் அம்மா என்பதுதான் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறவில்லை. பெண்கள் தரையில் நெஞ்சு படும்படி விழக் கூடாது என்கிற சாஸ்திரம் எங்கள் வீட்டில் உண்டு. அம்மா சாமி கும்பிடும்போதெல்லாம், எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அதை எடுத்துச் சொல்வாள். வேண்டுதல் என்று வந்ததும் அந்த சாஸ்திரம் அப்பா, அத்தை இருவருக்குமே மறந்துபோயிற்று.

எங்கள் ஊர் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில். அப்போது திருநெல்வேலிக்கு ரயில் வந்துவிட்டது, திருச்செந்தூருக்கு வரவில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும். ஆற்றுப் பாசனம், நஞ்சை நிலம், குதிர் நிறைய நெல், தொழுவில் கறவை மாடு. சோற்றுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாத வீடு. அந்த வீட்டில் அம்மா மட்டும் காய்ந்து கிடந்தாள். அப்பா சாப்பிட்டு, வந்தவர் போனவர் சாப்பிட்டு, நாங்கள் சாப்பிட்டு, அடுப்படி மெழுகி முடித்த பிறகு அடிச்சட்டியில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதில் நீராகாரத்தை ஊற்றிக் குடிப்பாள். மோர் மிஞ்சினால் உண்டு. மிஞ்சாது.

தங்கையைப் பெற்றபோது அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவே இல்லை. அதற்குப் பிறகு நகமெல்லாம் வெளுத்துவிட்டது. சாயங்காலமானால் கால் வீங்கும். நான் விளையாட்டாக விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். யாரும் பார்க்காதபோது திருநீற்றை அள்ளித் தின்பாள். அடுப்புக்கட்டி மண்ணைச் சுரண்டித் தின்பாள். அத்தை ஒருநாள் கண்டுவிட்டாள்.

"ஏளா, சோத்துக்கு இல்லாத வீட்டுலயா வாக்கப்பட்டிருக்க? மண்ணத் திங்குத?"

அம்மா வாயைத் துடைத்துக்கொண்டாள். உடம்பில் ரத்தம் வற்றினவர்களுக்கு அப்படி மண் தின்னத் தோன்றும் என்று, நானே பிள்ளை பெற்றபோது பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மா சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மண் தின்றதை எல்லோரும் பார்த்தார்கள், ஏன் தின்கிறாள் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கும் தம்பிக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் அவசர வேலையாகக் கிளம்பிப் போய்விட்டதுபோல. பெற்றவளுக்குச் சோறு இல்லை, பிள்ளைக்குப் பால் இல்லை, அதனால் செத்தது என்று சொன்னால் யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்குமே. தங்கவில்லை என்றால் பழி பிள்ளையின் மேல் போய்விடும்.

தம்பி பிழைத்தான். வைகை வறண்டாலும் வற்றாத தாமிரபரணி போல அத்தைக்குச் சந்தோஷம். ஐப்பசி நெருங்கியது. தங்கைக்கு ஐந்தாம் மாதம். அம்மா அடுப்படியில் அத்தையிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மதினி, கைப்பிள்ளக்காரியா இருக்கேன். அடுத்த வருசம் சஷ்டிக்குப் போனா என்ன? அதுக்குள்ள பிள்ள சோறு திங்க ஆரம்பிச்சிரும்."

"சாமிக்குச் சொன்னதத் தள்ளிப் போட்டா, சாமி அதுபாட்டுக்கு வேற எடுத்துக்கிடும். ஒனக்கு ஒம் மகன் வேணுமா, வேண்டாமா?"

இந்தக் கேள்விக்கு எந்தத் தாய் என்ன பதில் சொல்வாள்? அத்தை அப்பாவுக்கு மூத்தவள், கைம்பெண், ஒருவேளைச் சாப்பாட்டுக்காரி. பட்டினியிலேயே ஆயுசில் பாதியைக் கழித்தவள். தன் வயிற்றைக் கொன்று பழகினவளுக்கு அடுத்தவள் வயிறு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை போலும். அவளை மன்னித்துவிடலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். முடியவில்லை. அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "வாக்குக் குடுத்தாச்சு" என்று மட்டும் சொன்னார்.

சஷ்டியின் முதல் நாள் விடிந்ததும் கிளம்பினோம். வண்டியில் அப்பா, அத்தை, தம்பி, நான். என் மடியில் தங்கை. அம்மா வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தாள். பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு நடக்கிறேன் என்றுதான் சொன்னாள். செய்துங்கநல்லூர் தாண்டுவதற்குள் கண் இருட்டிப் பாதையில் உட்கார்ந்துவிட்டாள். அதனால்தான் பிள்ளை என்னிடம் வந்தது. ஐப்பசி மழை, பாதையெல்லாம் சேறு. சக்கரம் வாரி இறைத்த சேறு அவள் மேல் விழுந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் விலகி நடந்தால் பிள்ளையின் அழுகை கேட்காது என்று அவள் விலகவில்லை.

முதல் நாள் தங்கை என் மடியில் அழும்போதெல்லாம், பின்னால் வந்துகொண்டிருந்த அம்மாவின் மாராப்பு பால் கசிந்து நனைந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி மரத்தடியில் உட்கார்ந்து கொடுத்தாள். ஸ்ரீவைகுண்டத்தில் தங்கி எழுந்த மறுநாள் கொஞ்சம் நனைந்தது. மூன்றாம் நாள், ஆழ்வார்திருநகரி தாண்டித் தங்கை வீறிட்டு அழுதபோது, சேலையில் பால் கசியவே இல்லை. அம்மா குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டாள். நானும் பார்த்தேன்.

வழியெல்லாம் சனம். திருச்செந்தூர் போகிறவர்கள் அம்மாவைக் கண்டதும், "புண்ணியவதி, கைப்பிள்ளையோட விரதம் இருக்காளே" என்று காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். வீங்கிப் போன அந்தக் காலைத்தான். அதைத் தொட்டும் அது வீங்கியிருக்கிறது என்று யாருக்கும் உறைக்கவில்லை. ஒவ்வொருவரும் கும்பிட்டுப் போகும்போது அப்பா வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் காளையை யாரோ மெச்சினால் அவர் முகம் அப்படித்தான் இருக்கும். புகழ்ந்தவர்களில் ஒருவர் அவளுக்கு ஒருவாய்க் கஞ்சி கொடுத்திருந்தால் அவர்கள் போகிற கோயிலுக்கு அது அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். இதை அன்றைக்கே கத்தியிருக்க வேண்டும். பத்து வயதுப் பெண் கத்தினால் வாயில் போடுவார்கள்.

குரும்பூருக்கு அப்பால் பனங்காடு. மழை வலுத்ததால் பாதையோரத்து ஓலைச்சாய்ப்பு ஒன்றில் ஒதுங்கினோம். அங்கே ஒரு பெண் யாத்திரைக்காரர்களுக்கு ஓலைப்பெட்டியும் கருப்பட்டியும் விற்றுக்கொண்டிருந்தாள். பனையேறி வீட்டுப் பெண். இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு பிள்ளை. அவள் குடிசைக்குப் பின்னால் சிலுவை வைத்த ஒரு சின்ன வேதக்கோயில் தெரிந்தது. அந்த ஊரே வேதக்காரர்கள். அம்மா ஒரு மூலையில் குத்தவைத்துத் தங்கைக்கு மார்பைக் கொடுத்தாள். தங்கை இழுத்துப் பார்ப்பாள், விட்டுவிட்டு அழுவாள். மறுபடி இழுப்பாள். அழுகை பூனைக்குட்டிச் சத்தம்போல ஆகிவிட்டிருந்தது.

அந்தப் பெண் தன் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள்.

"அம்மா, அதுக்கு அங்கன ஒண்ணும் வரல. இங்கன குடுங்க. எனக்குப் பால் கட்டிக்கிட்டு நோவுது."

அம்மாவின் கை தானாக நீண்டது. அதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"வேதக்காரி பாலா? பனையேறி வீட்டுப் பாலா? இதக் குடிச்சு வளந்தாள்னா நாளைக்கு எவன் கட்டுவான் இவள?"

ஐந்து மாதப் பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலை. பிழைத்தால்தானே கட்டிக்கொடுக்க? அத்தை கற்கண்டுத் தண்ணீரில் துணியை நனைத்துத் தங்கை வாயில் வைத்தாள். மழை குறையுமுன்பே வண்டி கிளம்பியது. அந்தப் பெண் திரும்பிப் பெட்டி முடைய உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்தபடியே அம்மா வெகுதூரம் பின்னோக்கித் திரும்பித் திரும்பி நடந்தாள். தம்பி என் பக்கத்தில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். அவன்மேல் எனக்கு எப்போதும் கோபம் இருந்ததில்லை, அவன் குழந்தை.

திருச்செந்தூரில் ஒரு மடத்தில் இடம் கிடைத்தது. காலை வைக்க இடமில்லாத கூட்டம். மறுநாள் அத்தை எங்கிருந்தோ ஆட்டுப்பால் வாங்கிவந்து, தண்ணீர் கலந்து புகட்டினாள். தங்கை வாந்தி எடுத்தாள். பிறகு பேதி. துணி மாற்ற மாற்றப் போய்க்கொண்டே இருந்தது. இரவுக்குள் அழுகை நின்றுவிட்டது.

"பாத்தியா, முருகன் காலடிக்கு வந்ததும் பிள்ள அமந்துட்டா" என்றாள் அத்தை.

அம்மா தங்கையின் உச்சியில் கையை வைத்தாள். உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. என் கையை எடுத்து அதில் வைத்தாள். அப்படி ஏன் செய்தாள் என்று பின்னால்தான் புரிந்தது. தங்காமல் போன அந்த இரண்டு பிள்ளைகளும் இப்படித்தான் அமைதியானார்கள். அந்த அமைதி என்னவென்று அந்த மடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

விடிந்ததும் அங்கப்பிரதட்சிணம். அப்பா தம்பியைக் கூட்டிக்கொண்டு ஏற்பாட்டுக்காக முன்னால் கோயிலுக்குப் போய்விட்டார். அம்மா கடலில் முழுகி, நாழிக்கிணற்றில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரச்சேலையோடு வந்தாள். நான் தங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். அத்தை அர்ச்சனைத் தட்டோடு நின்றாள். அம்மா என்னிடமிருந்து பிள்ளையை வாங்கினாள். "வா" என்றாள் என்னிடம். மேற்கே பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

"ஏளா, கோயில் இங்கன இருக்கு. நீ எங்கன போற?"

அம்மா திரும்பி வந்தாள். வந்து, அத்தையின் தட்டிலிருந்த பழச்சீப்பை எடுத்துக்கொண்டாள். ஒரு பழத்தை உரித்து, அத்தையின் முன்னாலேயே வாயில் போட்டாள். அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் கூட்டத்தில் அப்பாவைத் தேடிப் பிடித்துச் சொல்வதற்குள் நாங்கள் ஊரைத் தாண்டிவிட்டோம்.

உலகமே கிழக்கே வந்துகொண்டிருந்தது. காவடியும் அரோகராவுமாக வருகிற சனத்துக்கு எதிராக நாங்கள் மூன்று பேர் மட்டும் மேற்கே போனோம். அம்மா பழத்தைத் தின்றுகொண்டே நடந்தாள், அழுதுகொண்டே தின்றாள். எதிரே வந்த ஒரு கிழவர், "என்ன தாயி, தரிசனம் ஆச்சா?" என்றார். "ஆச்சு" என்றாள். நிற்கவில்லை. அவளால் வெகுதூரம் ஒரே மூச்சில் நடக்க முடியவில்லை. உட்காருவாள், பிள்ளையின் மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பாள், எழுந்திருப்பாள். பாதிக்குமேல் தங்கையை நான்தான் சுமந்தேன். துணி மூட்டைக்கு இருக்கிற கனம்கூட அவளுக்கு இல்லை.

சாய்ப்பில் அந்தப் பெண் இருந்தாள். எங்களைக் கண்டதும் முடைந்துகொண்டிருந்த பெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். தங்கைக்குச் சப்பக்கூடத் தெம்பில்லை. அவள் பாலைப் பீய்ச்சிச் சங்கில் எடுத்து, சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டாள். முதலில் கடைவாயில் வழிந்தது. வழிந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். அம்மா அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து அது ஒருமுறை அசைந்தது. விழுங்கிவிட்டாள்.

அதன் பிறகு, அம்மா வேண்டுதலைச் சொல்லக் கேட்டுத்தான் அந்தப் பெண் அவளை ஏசத் தொடங்கினாள்.

"அன்னைக்கே குடுத்திருந்தா இந்த நெலமைக்கு வந்திருக்குமா? சாமி ஒங்ககிட்டயா வந்து கேட்டாரு? ஒங்க வயித்த நேந்துவிட ஒங்க வீட்டுக்காரரு யாரு? எம் பிள்ளைக்குப் போக மிச்சந்தான் குடுப்பேன், அதயும் இப்பவே சொல்லிப்புடுதேன். மொதல்ல நீங்க இதக் குடிங்க."

கம்பங்கஞ்சி, கருப்பட்டித் துண்டு. சாதி ஆசாரம் தப்பாத சைவ வீட்டு மருமகள் அந்த மண்சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். நான் பிறந்ததிலிருந்து அம்மா சூடாக ஒன்றைச் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் அப்பா வண்டியோடு வந்தார். பனைமட்டை வேலிக்கு உள்ளே வரமாட்டார், தீட்டு. வெளியிலேயே நின்றார்.

"நாளைக்குச் சூரசம்காரம். இப்பக் கெளம்பினாலும் போயிரலாம். வாக்குத் தப்பினா பையன் என்ன ஆவான்னு யோசிச்சியா?"

அம்மா மறுபடி ஒரு சட்டிக் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா நிற்கும்போது அவள் உட்கார்ந்திருந்து நான் கண்டதில்லை. எழுந்திருக்கவில்லை.

"வாக்குக் குடுத்தது நீங்க. நீங்களே பட்டினி கெடங்க. நீங்களே போய் உருளுங்க."

கத்தவில்லை. கஞ்சி வேண்டும் என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், வண்டிக்காரனைப் பார்த்தார். ஏறிப் போய்விட்டார்.

தங்கைக்கு உயிர் நின்று, அம்மாவுக்கும் கொஞ்சம் பால் ஊறும்வரை அங்கேயே இருந்தோம். பிறகு வண்டி வந்தது. வீட்டு வாசலில் எங்கள் தலையில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றித் தீட்டுக் கழித்த பிறகுதான் அத்தை உள்ளே விட்டாள். பால் குடித்த பிள்ளையின் தலையிலும் ஊற்றினாள். அம்மாவுக்குத் தனித்தட்டு. தம்பிக்கு ஒரு தும்மல் வந்தால்கூட அத்தை அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள். தம்பிக்கு ஒன்றும் வரவில்லை. வளர்ந்து, படித்து, பேரன் பேத்தி எடுத்து இன்றைக்கும் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறான்.

ஏன் ஒன்றும் வரவில்லை என்பதற்கு அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே விளக்கம் சொன்னார். அன்று திரும்பிப் போனவர், கோயில் வாசலில் நின்ற ஒரு பண்டாரத்துக்குக் கூலி கொடுத்து அம்மாவுக்குப் பதிலாக உருளச் சொல்லிவிட்டாராம். அந்த ஆள் மடத்தில் இலை போட்டு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஈரவேட்டியோடு பிராகாரத்தைச் சுற்றி உருண்டானாம். வேண்டுதல் தீர்ந்துவிட்டது, சாமி ஏற்றுக்கொண்டது என்றார்.

அம்மா அவர் இலையில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கூலிக்கு ஆளு கெடைக்கும்னு மொதல்லயே தெரியுமா ஒங்களுக்கு?"

"இதென்ன கேள்வி? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. இருந்தாலும் பெத்தவ செஞ்சாத்தான் விசேஷம்."

விசேஷம். என் தங்கை நாலு வயதுவரை எழுந்து நிற்கவில்லை.